ஃபிரிட்ஜின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் உலக அரசியல்

உங்கள் வீட்டு ஃபிரிட்ஜைக் கொஞ்சம் முன்னால் இழுத்து, பின்பக்கம் கம்ப்ரெசருக்கு அருகே பாருங்கள். ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் ஆர்600ஏ என்றோ ஆர்134ஏ என்றோ எழுதியிருக்கும். உள்ளே ஓடும் குளிரூட்டும் வாயுவின் பெயர் அது. 1980களில் வாங்கிய ஃபிரிட்ஜாக இருந்தால் பெரும்பாலும் ஆர்12 என்று இருந்திருக்கும். அந்த ஆர்12 இன்று புதிய ஃபிரிட்ஜ் எதிலும் கிடையாது. வானில் இருக்கும் ஓசோன் அடுக்கை அது கெடுக்கிறது என்று, உலக நாடுகள் எல்லாம், ஒன்று பாக்கியில்லாமல், சேர்ந்து கையெழுத்திட்டு அதை நிறுத்திவிட்டன.

எல்லைக்கோட்டில் சண்டை, ஆற்று நீரில் சண்டை, வரியில் சண்டை என்று எதிலும் ஒத்துப்போகாத நாடுகள் இந்த ஒரு விஷயத்தில் எப்படி ஒத்துப்போயின? சர்வதேச உறவுகள் துறையில் இருக்கும் ஐந்து பேரிடம் இந்தக் கேள்வியைக் கேளுங்கள். ஐந்து பதில் வரும். ஒருவர் அமெரிக்காவின் பலம் என்பார். இன்னொருவர் ஒப்பந்தத்தில் எழுதிய விதிகளின் திறமை என்பார். மூன்றாமவர் விஞ்ஞானிகளைக் கை காட்டுவார். நான்காமவர் ரசாயன கம்பெனிகளின் லாபக் கணக்கை எடுத்து முன்னால் வைப்பார். ஐந்தாமவர் "இந்தக் கதையை யார் பக்கத்தில் நின்று சொல்கிறீர்கள்?" என்று நம்மையே திருப்பிக் கேட்பார்.

புதிதாகப் படிக்க வருகிறவர்களை இதுதான் திணறடிக்கிறது. பாடப்புத்தகத்தில் யதார்த்தவாதம், தாராளவாதம், கட்டுமானவாதம் என்று ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் ஒரு வாதம். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் கட்டம் போட்டு, இந்த வாதத்துக்கு இந்தப் பேராசிரியர் என்று மனப்பாடம் செய்கிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். பெயர்கள் நினைவில் நின்றன, ஆனால் இத்தனை வாதங்கள் எதற்கு என்பது மட்டும் புரியவில்லை. ஒரே ஒரு சம்பவத்தை எடுத்து, எல்லோரும் அதை எப்படி விளக்குகிறார்கள் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் புரிந்தது. அந்தச் சம்பவம் இந்த ஓசோன் ஒப்பந்தம். இங்கேயும் அதே வழியில் போகலாம்.

முதலில், நடந்தது என்ன?

1928ல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் தாமஸ் மிட்ஜ்லியின் குழு குளோரோஃபுளோரோகார்பன் என்ற வாயுக்களைக் குளிரூட்டலுக்குக் கொண்டுவந்தது. சுருக்கமாக சிஎஃப்சி. நம் ஆர்12 அந்தக் குடும்பம்தான். அதற்கு முன் ஃபிரிட்ஜுகளில் அம்மோனியா, சல்பர் டை ஆக்சைடு போன்றவை இருந்தன. கசிந்தால் வீட்டில் இருப்பவர்களின் உயிருக்கே ஆபத்து. சிஎஃப்சி எரியாது, விஷமும் இல்லை. அதனால் ஃபிரிட்ஜ், ஏசி, ஸ்ப்ரே டப்பா, ஃபோம் மெத்தை என்று எல்லா இடத்திலும் புகுந்தது.

1974ல் கலிஃபோர்னியாவில் மரியோ மோலினா, ஷெர்வுட் ரோலண்ட் என்ற இரண்டு வேதியியலாளர்கள் ஒரு எச்சரிக்கை எழுதினார்கள். இந்த வாயு கீழே எதனோடும் சேராமல் அப்படியே மேலே போகிறது. அங்கே சூரியனின் புற ஊதாக் கதிர் அதை உடைக்கும்போது குளோரின் வெளியே வருகிறது. அந்தக் குளோரின் ஓசோனைத் தின்னும். புற ஊதாக் கதிரைத் தடுத்து நம்மைக் காப்பது அந்த ஓசோன்தான். இருவரும் இதைச் சொன்னபோது அது கணக்குதான், கண்ணால் பார்த்தது இல்லை. 1985 மே மாதம் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் மூவர், அண்டார்டிகாவின் ஹாலி நிலையத்தில் வசந்தகால ஓசோன் பெருமளவு குறைந்திருப்பதை வெளியிட்டார்கள். 1987 செப்டம்பர் 16 அன்று கனடாவின் மாண்ட்ரியல் நகரில் 24 நாடுகளும் ஐரோப்பியச் சமூகமும் (இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடி) கையெழுத்திட்டன. அன்று முடிவானது சிஎஃப்சியைப் பாதியாகக் குறைப்பது மட்டும்தான். 1990ல் லண்டனில் கூடி, முழுவதுமாக நிறுத்துவது என்று மாற்றினார்கள். மோலினா, ரோலண்ட் இருவருக்கும் 1995ல் பால் க்ருட்சனோடு சேர்த்து வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

சரி, இப்போது விளக்கங்களுக்கு வருவோம்.

இந்தத் துறை எங்கே பிறந்தது என்பதை மட்டும் முன்னால் சொல்லிவிடுகிறேன். முதல் உலகப் போர் முடிந்த கையோடு, 1919ல், வேல்ஸின் அபெரிஸ்ட்வித் பல்கலைக்கழகத்தில் சர்வதேச அரசியலுக்கென்று முதல் பேராசிரியர் பதவி உருவானது. லட்சக்கணக்கில் இளைஞர்கள் செத்துப்போன துக்கத்தில் பிறந்த படிப்பு இது. அதனால் அதன் முதல் கேள்வி போர் ஏன் வருகிறது, எப்படித் தடுப்பது என்பதுதான். அந்தக் கேள்விக்காகச் செய்த கருவிகளைத்தான் பிறகு ஓசோனுக்கும் பருவநிலைக்கும் தொற்றுநோய்க்கும் எடுத்துவந்தார்கள். சில கருவிகள் பொருந்தின. சிலவற்றை வளைக்க வேண்டியிருந்தது. சிலவற்றைப் புதிதாகவே செய்தார்கள்.

போரிலிருந்து நேராக வந்த கருவி யதார்த்தவாதம். 1948ல் ஹான்ஸ் மார்கெந்தாவும் 1979ல் கென்னத் வால்ட்ஸும் எழுதிய புத்தகங்கள் இதற்கு அடித்தளம். அடிப்படை எளிது. பஞ்சாயத்தும் இல்லாத, போலீஸும் இல்லாத ஊரை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒவ்வொரு வீடும் தன்னைத் தானே காத்துக்கொள்ள வேண்டும், பெரிய வீடு சொன்னதுதான் நடக்கும். நாடுகளின் உலகமும் அப்படித்தான், அவற்றுக்கு மேலே அரசாங்கம் கிடையாது என்பது வால்ட்ஸின் தொடக்கப்புள்ளி.

இந்தக் கண்ணோடு ஓசோனைப் பார்த்தால் முதலில் தெரிவது அமெரிக்கா. உலகிலேயே அதிகம் சிஎஃப்சி தயாரித்த நாடு அதுதான். 1978லேயே பெரும்பாலான ஸ்ப்ரே டப்பாக்களில் சிஎஃப்சியைத் தடை செய்துவிட்டது. தன் கம்பெனிகள் மட்டும் கட்டுப்பட்டு, பிரிட்டனும் பிரான்ஸும் விற்றுக்கொண்டே இருப்பதை அது விரும்பவில்லை. செலவுக் கணக்கும் போட்டார்கள். ஒப்பந்தத்துக்கு ஆகும் செலவைவிட, தோல் புற்றுநோய் குறைவதால் கிடைக்கும் நன்மை பல மடங்கு என்று வந்தது. பெரிய வீட்டுக்கு லாபம், அதனால் ஊரே மாறியது என்பது இந்த விளக்கம்.

இதையே நுணுக்கமாக்கி, 1994ல் டெட்லெஃப் ஸ்ப்ரின்ஸ், தாபானி வாஹ்டோராண்டா என்ற இருவர் ஒவ்வொரு நாட்டிடமும் இரண்டு கேள்வி கேட்டார்கள். பாதிப்பு உனக்கு எவ்வளவு? தடுக்க ஆகும் செலவு எவ்வளவு? பாதிப்பு அதிகம், செலவு குறைவு என்றால் அந்த நாடு ஒப்பந்தத்தைத் தள்ளிக்கொண்டு போகும். தலைகீழாக இருந்தால் இழுத்தடிக்கும். இந்த இரண்டு கேள்வியையும் எந்த உலகப் பேச்சுவார்த்தை நடந்தாலும் முதலில் போட்டுப் பார்ப்பேன். இதுவரை அது எனக்கு வீண் போனதில்லை.

ஆனால் இதில் ஒரு இடைவெளி இருக்கிறது. அமெரிக்காவுக்கு லாபம் என்கிறோம். 'அமெரிக்கா' என்பது யார்? அன்று அதிபர் ரீகனின் அரசுக்குள்ளேயே இரண்டு கட்சி. சுற்றுச்சூழல் முகமையும் வெளியுறவுத் துறையும் ஒப்பந்தம் வேண்டும் என்றன. உள்துறைச் செயலர் டொனால்ட் ஹோடல், ஒப்பந்தத்துக்குப் பதிலாக மக்கள் தொப்பியும் கூலிங் கிளாஸும் போட்டுக்கொள்ளலாம் என்ற யோசனையை முன்வைத்ததாக 1987ல் பத்திரிகைகளில் செய்தி வந்து, பெரிய எதிர்ப்பு கிளம்பியது. நாடு என்பது ஒரே மனிதனைப் போல யோசிப்பதில்லை, உள்ளே அலுவலகங்கள் இழுபறி நடத்தி வருவதைத்தான் வெளியே 'நாட்டின் முடிவு' என்கிறோம் என்று கிரஹாம் ஆலிசன் 1971ல் கியூபா ஏவுகணை நெருக்கடியை வைத்துக் காட்டியிருந்தார். ஓசோனுக்கும் அது பொருந்துகிறது. ரீகனுக்கே 1985ல் மூக்கில் தோல் புற்றுநோய்க்குச் சிகிச்சை நடந்தது. அது அவர் மனதை எவ்வளவு மாற்றியது என்று அளக்க முடியாது. ஆனால் தனி மனிதர்களை அடியோடு ஒதுக்கிவிட்டு இந்தக் கதையைச் சொல்லவும் முடியாது.

இரண்டாவது ஆள், பாடப்புத்தகத்தின் தாராளவாத முகாமைச் சேர்ந்தவர், ஒப்பந்தத்தின் உள்ளடக்கத்தைப் படிப்பவர். ராபர்ட் கியோஹேன் 1984ல் ஒரு கேள்வி கேட்டார். மேலே அரசாங்கம் இல்லை என்பது சரி, அப்படியும் நாடுகள் ஏன் இவ்வளவு ஒத்துழைக்கின்றன? அவர் பதில், நிறுவனங்கள். கம்பெனிகள் அல்ல, நாடுகள் சேர்ந்து வைத்துக்கொள்ளும் விதிகளும் அமைப்புகளும். அடுத்தவன் ஏமாற்றிவிடுவானோ என்ற பயம்தான் ஒத்துழைப்பைக் கெடுக்கிறது. யார் என்ன செய்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்படி விதி வைத்தால் அந்தப் பயம் குறையும். நம் ஊர்ச் சீட்டுப் பிடிக்கிற இடத்தில் கணக்கு நோட்டு எல்லோர் கண்ணிலும் படும்படி இருந்தால் எப்படி நம்பிக்கை வருமோ, அதுபோல.

மாண்ட்ரியல் ஒப்பந்தத்தைப் படித்தால் இந்த ஆளின் கட்சி எவ்வளவு வலுவானது என்று தெரியும். ஒப்பந்தத்தில் சேராத நாட்டோடு சிஎஃப்சி வியாபாரம் செய்யக் கூடாது என்று ஒரு விதி. வெளியே நின்று லாபம் பார்க்கலாம் என்று நினைத்தவர்களுக்கு அது கதவைச் சாத்தியது. வளரும் நாடுகளுக்குப் பத்து வருட அவகாசம். 1990ல் அவர்களுக்கென்று ஒரு நிதியம். எனக்கு மிகவும் பிடித்த விதி இன்னொன்று: ஏற்கெனவே பட்டியலில் உள்ள ஒரு வாயுவின் குறைப்பு அட்டவணையை இறுக்க வேண்டுமானால், ஒவ்வொரு நாட்டு நாடாளுமன்றத்துக்கும் திரும்பப் போக வேண்டாம். கூட்டத்திலேயே முடிவெடுத்தால் எல்லோரையும் கட்டுப்படுத்தும். 1987ல் பாதி என்று தொடங்கியது சில வருடங்களிலேயே முழுத் தடையாக மாறியதற்கு இப்படி வளரத் தெரிந்த சட்டமும் ஒரு காரணம்.

மீறினால் என்ன நடந்தது என்பதும் பார்க்க வேண்டியது. சோவியத் யூனியன் உடைந்த பிறகு, 1990களின் நடுவில், ரஷ்யா எங்களால் கெடுவுக்குள் முடியாது என்று சொல்லிவிட்டது. அடித்து வெளியே தள்ளவில்லை. அமலாக்கக் குழு உட்கார்ந்து பேசி, கால அட்டவணை போட்டு, ஆலைகளை மூடப் பன்னாட்டு நிதியும் ஏற்பாடானது. ரஷ்யாவும் நிறுத்தியது. பலம் மட்டுமே எல்லாவற்றையும் முடிவு செய்கிறது என்பவர்கள் இந்தச் சம்பவத்தை விளக்கச் சிரமப்படுவார்கள் என்பது என் எண்ணம்.

மூன்றாவது ஆள் விஞ்ஞானிகளைப் பார்க்கிறார். 1992ல் பீட்டர் ஹாஸ் 'அறிவுச் சமூகம்' என்ற கருத்தை இந்த ஓசோன் கதைக்கே பொருத்தி எழுதினார். வளிமண்டல விஞ்ஞானிகள், ஐ.நா. சுற்றுச்சூழல் திட்ட அதிகாரிகள், அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையில் இருந்தவர்கள் எல்லோரும் நாடு கடந்து ஒரே புரிதலோடு இயங்கினார்கள். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் தலைவர், எகிப்தியரான முஸ்தபா டோல்பா, தானே ஒரு விஞ்ஞானி. எது தனக்கு லாபம் என்று ஒரு நாடு முடிவு செய்வதற்கு முன்னால் எது ஆபத்து என்று யாராவது சொல்ல வேண்டும். ஓசோனைக் கண்ணால் பார்க்க முடியாது. இவர்கள் சொல்லாவிட்டால் நாடுகளுக்கு அதில் ஒரு 'நலன்' இருப்பதே தெரிந்திருக்காது.

இது அழகான விளக்கம். ஆனால் தேதிகளைக் கவனியுங்கள். மாண்ட்ரியலில் கையெழுத்தானபோது அண்டார்டிக் பாதிப்புக்கு சிஎஃப்சிதான் காரணம் என்று உறுதியாக நிரூபணம் ஆகவில்லை. அதை உறுதிப்படுத்திய ஆய்வு விமானங்கள் அதே செப்டம்பரில்தான் தென்துருவத்தை நோக்கிப் பறந்துகொண்டிருந்தன. அப்படியானால் எந்த அறிவு நாடுகளைக் கையெழுத்திட வைத்தது?

இந்த இடத்தில் கேரன் லிட்ஃபின் 1994ல் நுழைகிறார். அறிவு தானாகப் பேசாது, அதை யாராவது ஒரு கதையாக்கிச் சொல்ல வேண்டும் என்பது அவர் வாதம். 'ஓசோன் ஓட்டை' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். உண்மையில் அது ஓட்டை இல்லை, அடுக்கு மெலிந்துபோன பகுதி. ஆனால் 'அடர்த்தி குறைந்திருக்கிறது' என்றால் யார் பதறுவார்கள்? கூரையில் ஓட்டை என்றால் பாட்டிக்கும் புரியும், பேரனுக்கும் புரியும். செயற்கைக்கோள் தரவை வண்ணப் படமாக்கி, தென்துருவத்தின் மேல் ஒரு பொத்தலைப் போலக் காட்டியதும் உலகமே அதைப் பார்த்தது. நிரூபணம் முழுமையாகும் முன்பே காரியம் நடக்க அந்தப் படம் உதவியது. இப்படிப் பொருளும் சொல்லும் எப்படி உருவாகின்றன என்று கேட்பவர்களுக்குப் பொதுப் பெயர் கட்டுமானவாதிகள். அலெக்சாண்டர் வெண்ட் 1995ல் சொன்ன உதாரணம் பிரபலமானது: பிரிட்டனிடம் 500 அணுகுண்டுகள் இருப்பதைவிட வட கொரியாவிடம் ஐந்து இருப்பது அமெரிக்காவுக்குப் பெரிய பயம். குண்டு அதே குண்டுதான். யார் நண்பன், யார் எதிரி என்ற புரிதல் வேறு.

நான்காவது ஆள் கம்பெனி வாசலில் நிற்கிறார். உலக சிஎஃப்சி சந்தையில் ஏறக்குறைய கால் பங்கு டூபாண்ட் என்ற ஒரே நிறுவனத்திடம் இருந்தது. 1970களில் அது மோலினா, ரோலண்டின் கருத்தைக் கடுமையாக எதிர்த்தது. 1986ல் அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் திடீரென்று சர்வதேசக் கட்டுப்பாடு வந்தால் பரவாயில்லை என்றார்கள். 1988 மார்ச்சில் டூபாண்ட் உற்பத்தியையே படிப்படியாக நிறுத்துவதாக அறிவித்தது. காரணம்? பழைய வாயு மலிவானது, யார் வேண்டுமானாலும் தயாரிக்கலாம். மாற்று வாயுக்கள் விலை கூடியவை, அவற்றுக்குக் காப்புரிமை உண்டு, ஆராய்ச்சி செய்ய வசதி உள்ள சில கம்பெனிகளால் மட்டுமே முடியும். தடை வந்தால் அவர்களுக்குப் புதிய சந்தை திறக்கும். உலக அரசியலை முதலாளித்துவத்தின் இயக்கத்தோடு சேர்த்துப் பார்க்கும் மார்க்சிய ஆய்வாளர்களும், தொழில் நிறுவனங்களின் அதிகாரத்தை ஆராய்பவர்களும் இந்த இடத்தைத் தோண்டுகிறார்கள். கோட்பாடு எப்போதும் யாரோ ஒருவருக்காக, ஏதோ ஒரு நோக்கத்துக்காகத்தான் இருக்கிறது என்று ராபர்ட் காக்ஸ் 1981ல் எழுதியது இந்தப் பக்கத்தின் அடையாளமாகிவிட்டது.

ஸ்டிக்கருக்குத் திரும்புங்கள். ஆர்134ஏ என்பது அந்த மாற்று வாயுக்களில் ஒன்று. அது ஓசோனைத் தின்னாது. ஆனால் பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வலுவானது. அதனால் அதைக் குறைக்க 2016ல் ருவாண்டாவின் கிகாலியில் மறுபடி கூட வேண்டியிருந்தது. ஆர்600ஏ வேறு வழியில் வந்தது. அது ஐசோபியூட்டேன், ஏறக்குறைய நம் சமையல் கேஸின் சொந்தக்காரன், காப்புரிமையால் கட்டிப்போட முடியாத சாதாரணப் பொருள். 1990களின் தொடக்கத்தில் கிரீன்பீஸ் அமைப்பு பழைய கிழக்கு ஜெர்மனியின் ஒரு ஃபிரிட்ஜ் ஆலையோடு சேர்ந்து இதை ஓடவைத்துக் காட்டியது. பெரிய கம்பெனிகள் தீப்பிடிக்கும் என்று எதிர்த்தன. இன்று அதுதான் வீட்டு ஃபிரிட்ஜுகளில் சாதாரணமாகிவிட்டது. நாடுகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இந்தக் கதை கண்ணிலேயே படாது.

ஐந்தாவது ஆளிடம் கொஞ்சம் அதிக நேரம் நிற்க விரும்புகிறேன், ஏனென்றால் அவர் கேள்வி நம்மைத் தொடுகிறது.

1987ல் இந்தியாவும் சீனாவும் மாண்ட்ரியல் ஒப்பந்தத்தில் சேரவில்லை. பல மேற்கத்தியக் கட்டுரைகளில் இது 'தயக்கம்' என்று வரும். இந்தியப் பக்கத்திலிருந்து பார்த்தால் கதை வேறு. அப்போது இந்தியாவில் எத்தனை வீட்டில் ஃபிரிட்ஜ் இருந்தது? தெருவுக்கு ஒரு வீட்டில் இருந்தாலே அதிசயம். அக்கம்பக்கத்தார் அங்கே போய் ஐஸ் வாங்கி வருவார்கள். அரை நூற்றாண்டாக அந்த வாயுவை விட்டது பணக்கார நாடுகள். மக்கள் ஃபிரிட்ஜ் வாங்கும் நிலைக்கு இப்போதுதான் வருகிறார்கள், இந்த நேரத்தில் விலை கூடிய புதிய வாயுவுக்கு மாறு என்றால் அந்தச் செலவு யாருடையது? 1990 லண்டன் கூட்டத்தில் இந்தியச் சுற்றுச்சூழல் அமைச்சர் மேனகா காந்தி இதைத்தான் உரக்கக் கேட்டார். நிதியம் பிறந்தது அந்த அழுத்தத்தில்தான். முதல் மூன்று வருடங்களுக்கு 16 கோடி டாலர், இந்தியாவும் சீனாவும் சேர்ந்தால் 24 கோடி என்று பேசி முடித்தார்கள். சீனா 1991ல் சேர்ந்தது, இந்தியா 1992ல். மேட்டூரில் இருந்தது உட்பட இந்தியாவின் சிஎஃப்சி ஆலைகளில், 2010 என்ற கெடுவுக்கு முன்பே, 2008ல் உற்பத்தி நின்றது. நிறுவனங்களைப் படிப்பவர் இந்த நிதியத்தை 'நல்ல வடிவமைப்பு' என்பார். ஐந்தாமவர், அது யாரும் வரைந்து கொடுத்தது அல்ல, சண்டை போட்டு வாங்கியது என்று திருத்துவார். திருத்தம் சரியானது என்றே நினைக்கிறேன்.

இன்னொரு கேள்வியும் கேட்பார். ஓசோன் ஆபத்தைப் பற்றிய பேச்சில் தோல் புற்றுநோய் ஏன் முதலிடம் பிடித்தது? அது வெளிர் தோல் கொண்டவர்களை அதிகம் தாக்கும் நோய். கண்புரையும் பயிர்ச் சேதமும் பேசப்பட்டன, ஆனால் அத்தனை உரக்க இல்லை. எந்த ஆபத்து 'உலகப் பிரச்சினை' என்ற பெயரைப் பெறுகிறது, எது 'உள்ளூர் கஷ்டம்' என்று ஓரமாகப் போகிறது என்பதிலேயே அதிகாரம் இருக்கிறது. சிந்தியா என்லோ 1989ல், உலக அரசியலில் பெண்கள் எங்கே என்று கேட்டதும் இதே வகைக் கேள்விதான். ஓசோனில் அந்தக் கேள்வி கொஞ்ச தூரமே போகும். ஆனால் வறட்சி, தண்ணீர், இடப்பெயர்ச்சி என்று வரும்போது குடம் தூக்குபவர் யார் என்று கேட்காமல் எந்த ஆய்வும் முழுமை ஆகாது.

இந்தத் துறையே பெரும்பாலும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் வளர்ந்தது. ஸ்டான்லி ஹாஃப்மன் 1977லேயே இதை அமெரிக்க சமூக அறிவியல் என்று எழுதினார். 2007ல் அமிதாவ் ஆச்சார்யாவும் பாரி புசானும், மேற்கு அல்லாத சர்வதேச உறவுக் கோட்பாடு ஏன் இல்லை என்று கேட்டு ஒரு பெரிய விவாதத்தைத் திறந்தார்கள். அதன் பிறகு 'வானத்தின் கீழ் உள்ள எல்லாம்' என்று பொருள்படும் சீனாவின் பழைய 'தியான்ஷியா' கருத்து, நம் கௌடில்யர் என்று பலவற்றைத் தேடி எடுக்கிறார்கள். தேடட்டும், நல்லதுதான். ஆனால் பழைய நூலிலிருந்து ஒரு மேற்கோள் காட்டினால் மட்டும் புதிய பார்வை வந்துவிடாது. 1991ல் டெல்லியில் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் செய்ததைப் பாருங்கள். நாடு வாரியாகப் புகையைக் கூட்டிக் காட்டிய ஒரு அமெரிக்க அறிக்கையை எடுத்து, தலைக்கு எவ்வளவு என்று கேட்டார்கள். நெல் வயலிலிருந்து வரும் மீத்தேனையும் பணக்காரரின் காரிலிருந்து வரும் புகையையும் ஒரே தராசில் வைக்கலாமா என்று கேட்டார்கள். பருவநிலைப் பேச்சுவார்த்தையின் போக்கையே அந்தக் கேள்விகள் பாதித்தன. புதிய பார்வை என்றால் எனக்கு இதுதான்.

இத்தனையும் கேட்ட பிறகு 'எல்லோர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை' என்று முடித்துவிட ஆசை வரும். அப்படி முடிப்பதில் எனக்குச் சம்மதம் இல்லை. விளக்கங்களைச் சோதித்துப் பார்க்க முடியும். அதற்கு ஓசோனைப் போலவே இருந்தும் வேறு மாதிரி முடிந்த ஒன்று வேண்டும். பருவநிலை மாற்றம் அப்படிப்பட்டது.

ஓசோன் வெற்றியைப் பார்த்துத்தான் பருவநிலைக்கும் அதே பாதை போட்டார்கள். 1992ல் பொது உடன்படிக்கை, 1997ல் இலக்குகளோடு கியோட்டோ ஒப்பந்தம். ஆனால் கியோட்டோவுக்கு முன்பே, அந்த 1997 ஜூலையில், வளரும் நாடுகளுக்கும் கட்டுப்பாடு இல்லாத ஒப்பந்தம் எதிலும் சேரக் கூடாது என்று அமெரிக்க செனட் 95க்கு பூஜ்யம் என்ற கணக்கில் தீர்மானம் போட்டது. 2001ல் புஷ் அரசு கியோட்டோவைக் கைவிட்டது.

இப்போது ஐந்து பேரையும் மறுபடி கூப்பிடுங்கள். அறிவுதான் காரணம் என்றவருக்கு இது சிக்கல். 1988லிருந்தே பருவநிலைக்கென்று அரசுகளுக்கிடையிலான விஞ்ஞானிகள் குழு இருக்கிறது, ஓசோனைவிடப் பெரிய அறிவுச் சமூகம். ஆனால் ஓசோன் அளவுக்குக் காரியம் நடக்கவில்லை. ஆகவே அறிவு அவசியம், தனியாகப் போதாது. நலனையும் செலவையும் பார்த்தவருக்கு இது எளிதாக விளங்குகிறது, செலவு பெரிது, பலனோ தள்ளிக் கிடைப்பது. கம்பெனி வாசலில் நின்றவருக்கும் விளங்குகிறது. சிஎஃப்சியை விரல் விட்டு எண்ணக்கூடிய நிறுவனங்கள் தயாரித்தன, மாற்றுப் பொருளும் அவற்றின் கையில்தான் இருந்தது. நிலக்கரியும் பெட்ரோலும் பொருளாதாரம் முழுக்க ஓடுகின்றன, அவற்றை விற்பவர்களுக்கு மாற்று எரிசக்தியில் லாபம் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. நிறுவனங்களைப் படிப்பவர், கியோட்டோவில் வியாபாரத் தடை விதி இல்லையே என்று சுட்டுவார். அது உண்மை, ஆனால் அந்த விதியைப் போட விடாமல் தடுத்தது எது என்று கேட்டால் அவர் மற்ற இருவரிடம்தான் போக வேண்டும். என் கணிப்பில், ஓசோனுக்கும் பருவநிலைக்கும் இடையிலான வித்தியாசத்தை விளக்குவதில் செலவுக் கணக்கும் கம்பெனிக் கணக்கும் முன்னால் நிற்கின்றன. அந்த வித்தியாசத்துக்குள் நியாயம் எங்கே என்று கேட்க ஐந்தாமவர் இல்லாமல் முடியாது.

இங்கே ஆய்வு முறையைப் பற்றியும் ஒரு சொல். ஸ்ப்ரின்ஸ் போன்றவர்கள் நாடுகளை அளந்து ஒப்பிட்டார்கள். லிட்ஃபின் பேச்சுக்களையும் அறிக்கைகளையும் வரி வரியாகப் படித்தார். இன்னும் சிலர் ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்தார்கள், பேச்சுவார்த்தையில் இருந்தவர்களைப் பேட்டி கண்டார்கள். எண்ணுகிறவர்கள் சொல்லைப் படிக்கிறவர்களை 'இது ஆய்வா' என்பதும், அவர்கள் திருப்பி 'நீங்கள் எண்ணுவதில் அர்த்தம் எங்கே' என்பதும் இந்தத் துறையில் பழைய சண்டை. 2010ல் ருத்ரா சில், பீட்டர் காட்ஸென்ஸ்டைன் இருவரும் பிரச்சினையை முதலில் வையுங்கள், அதற்குத் தேவையான கருவிகளைப் பல முகாம்களிலிருந்தும் எடுங்கள் என்று வாதிட்டார்கள். நடைமுறையில் உலகப் பிரச்சினைகளைப் படிக்கும் பலர் இன்று அப்படித்தான் வேலை செய்கிறார்கள்.

நீங்களே செய்து பார்க்க ஒரு சம்பவம் தருகிறேன். 2018ல் விஞ்ஞானிகள் ஒரு விசித்திரத்தை வெளியிட்டார்கள். 2010க்குப் பிறகு உலகில் யாரும் தயாரிக்கக் கூடாத சிஎஃப்சி11 என்ற வாயு, எதிர்பார்த்த வேகத்தில் குறையவில்லை. எங்கோ யாரோ புதிதாகத் தயாரிக்கிறார்கள். தென் கொரியாவின் ஜேஜு தீவிலும் ஜப்பானின் ஹதெருமா தீவிலும் காற்றை அளக்கும் நிலையங்கள் இருக்கின்றன. அவற்றின் பதிவுகளை வைத்து, கூடுதல் வாயுவின் கணிசமான பகுதி கிழக்குச் சீனாவின் ஷாண்டோங், ஹெபெய் மாகாணங்களின் பக்கமிருந்து வருகிறது என்று 2019ல் கண்டுபிடித்தார்கள். கட்டடங்களுக்கான ஃபோம் தயாரிப்பில் மலிவுக்காகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். சீன அரசு சோதனைகளைக் கடுமையாக்கியது. 2021ல் வெளியான அளவீடுகளில் அந்த வாயுவின் வெளியேற்றம் மறுபடி குறைந்திருந்தது.

சீனாவை யாரும் தாக்கவில்லை, அதன் மீது தடையும் போடவில்லை. பிறகு ஏன் அது திருத்திக்கொண்டது? ஒரு காகிதத்தை எடுத்து ஐந்து பேரின் பதிலையும் எழுதுங்கள். எழுதும்போது ஒவ்வொரு பதிலுக்கும் பக்கத்தில், அது உண்மையாக இருந்தால் வேறு எதையெல்லாம் நாம் பார்த்திருக்க வேண்டும் என்றும் ஒரு வரி சேருங்கள். நான் முதலில் அந்த இரண்டு தீவு நிலையங்களிலிருந்துதான் தொடங்குவேன். அவை இல்லையென்றால், கேட்பதற்குக் கேள்வியே இருந்திருக்காது.